ஆந்தைக்கு ஐந்து வரி

எந்தப் பொருளாக இருந்தாலும் ஐந்து வரிதான். எங்கள் முதலாளி போட்ட சட்டம் அது. யானைக்கும் ஐந்து வரி, எறும்புக்கும் ஐந்து வரி. சூரியனுக்கு மட்டும் இன்னொரு வரி கேட்டு ஒருமுறை அவரோடு மல்லுக்கு நின்றேன். அதற்குக் கொடுத்தால் சந்திரன் கேட்காதா என்றார். சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

சிரம்பானில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சிநூல் போடும் சின்னப் பதிப்பகம் அது. நான் அங்கே மெய்ப்புப் பார்க்கிறவள். ஊரார் செய்த பிழைகளைத் திருத்தித் திருத்தியே என் வாய் நீண்டுவிட்டது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரிலேயே எழுத்துப்பிழை இருந்தாலும் நான் வாயை மூடிக்கொண்டு மொய் எழுதிவிட்டு வர வேண்டுமாம்.

பொது அறிவுக் குறிப்புகளை அகரவரிசையில் ஒரு நூலாகப் போடலாம் என்று முதலாளிக்குத் தோன்றியது. எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. ஐந்து வரிச் சட்டத்தோடு இன்னொரு சட்டமும் போட்டார். ‘இருக்கலாம்’, ‘என்று நம்பப்படுகிறது’, ‘சிலர் கூறுவர்’ என்றெல்லாம் எங்கேயும் வரக்கூடாது. பிள்ளைகளிடம் சந்தேகத்தை விற்க முடியாது என்பது அவர் கட்சி. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ரஹாங்கில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அணில், அலை, ஆமை என்று உலகத்தை ஐந்தைந்து வரியாக நறுக்கி அடுக்கினேன். வெங்காயம் நறுக்குவதைவிடச் சுலபமாக இருந்தது. அப்போது எனக்கு எல்லாமே தெளிவாகத் தெரிந்த மாதிரி ஞாபகம். குழப்பம் ஆந்தையில் ஆரம்பித்தது. இன்றுவரை தெளிந்தபாடில்லை.

என் அக்கா தம்பின் டவுனைத் தாண்டி உள்ளே, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருந்தாள். அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மாமா அந்தத் தோட்டத்தில் மண்டோர். குலை வெட்டுகிற ஆட்களைக் காட்டுக்குள் அனுப்பி மேற்பார்வை பார்க்கிறவர். நம் ஆட்கள் எல்லாம் டவுனுக்குப் போன பிறகும் இவர்கள் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு நகரவில்லை. சுற்றியிருந்த வீடுகளில் வங்காளதேசத்து ஆட்களும் இந்தோனேசியர்களும் குடியிருந்தார்கள். தமிழ்க் குடும்பம் என்று பக்கத்து வீட்டு அம்மாவையும் சேர்த்து விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மாமாவுக்கு ரொம்ப நாளாக ரத்தக் கொதிப்பு. மாத்திரையை இன்றைக்குச் சாப்பிட்டால் நாளைக்கு மறந்துவிடுவார். ‘எனக்கென்ன கொள்ளை’ என்று மோட்டாரை எடுத்துக்கொண்டு சுற்றிய மனிதர்தான். ஒரு நாள் இரண்டு காலும் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார். கிட்னி இரண்டும் போய்விட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். அதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் தம்பினுக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரும்படி ஆயிற்று. குடிக்கிற தண்ணீருக்கு அளவு. சாப்பிடுகிற எல்லாவற்றுக்கும் தடை. ஆள் பாதியாகிப் போனார்.

இதற்கு நடுவில்தான் ஆந்தை வந்தது. செம்பனைக் காட்டில் எலித் தொல்லை அதிகம். பழக்குலையைக் கொறித்துத் தள்ளிவிடும். அதற்காகத் தோட்டங்களில் உயரமான கம்பம் நட்டு, அதன்மேல் மரப்பெட்டி ஒன்றைப் பொருத்தி, ஆந்தை வந்து குடியிருக்க விடுவார்கள். அக்கா வீட்டுப் பின்பக்கம், காடு தொடங்குகிற இடத்தில் நிற்கிற பெட்டியை மாமாவேதான் ஆள் வைத்து நட்டார். வருடக்கணக்கில் அதை ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. மாமா மெஷினுக்குப் போக ஆரம்பித்த அதே வாரத்தில் ஒரு ஜோடி ஆந்தை அதில் குடிவந்தது.

நம் ஆட்களுக்கு ஆந்தை என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. நோயாளி கிடக்கிற வீட்டுப் பக்கம் உட்கார்ந்து கத்தினால் எமனுக்கு வழி சொல்கிறது என்று அர்த்தம். அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. பெட்டியை எடுக்கச் சொல்லி மாமாவிடம் கெஞ்சினாள், திட்டினாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். மாமா மசியவில்லை. அதுவும் எலி பிடிக்கிற வேலைக்கு வந்த ஆள்தானே, காலைப் பெரட்டில் பேர் கொடுக்க நிற்காமலே ஒழுங்காக வேலை பார்க்கிறது, அதை எதற்கு நிறுத்துவது என்று வேடிக்கையாகப் பேசினாராம். அவர் சொன்னால் அடுத்த நாளே கம்பத்தைப் பிடுங்க ஆள் இருந்தது. அவர் சொல்லவில்லை.

கடைசியில் எனக்கு போன் வந்தது.

“பாப்பா, நீதான அறிவு புஸ்தகம் எழுதுற. ஆந்தைய பத்தி என்ன போட்டிருக்க?”

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவளுக்கு நான் இன்னும் பாப்பாதான். அது ஒரு பாவப்பட்ட பறவை அக்கா, எலியைத் தின்னும், அவ்வளவுதான் என்றேன். வாயால் சொன்னால் ஆயிற்றா, எழுத்தில் அனுப்பு என்றாள். எழுத்தில் வந்தால்தான் அவளுக்கு நம்பிக்கை. எனக்கோ அந்தக் கோப்பிலிருந்து ஆந்தையை மட்டும் பிரித்து போனில் அனுப்பத் தெரியவில்லை. அதனால் அகரத்திலிருந்து ஔகாரம் வரைக்கும் எழுதி முடித்திருந்த பகுதி முழுவதையும் வாட்ஸாப்பில் தள்ளிவிட்டேன். ஆந்தைக்கு நான் எழுதியிருந்தது இதுதான்:

‘ஆந்தை: இரவில் இரை தேடும் பறவை. தலையைத் தன் முதுகுப்பக்கம் வரை திருப்பவல்லது. இறகுகள் மென்மையானவை, பறக்கும்போது ஓசை எழாது. செவிப்புலன் மிகக் கூர்மையானது, முழு இருட்டிலும் எலி அசையும் ஒலியைக் கொண்டே அதன் இடத்தை அறியும். எலிகளைத் தின்று பயிரைக் காப்பதால் உழவரின் நண்பன்.’

சுத்தமான ஐந்து வரி. எதிலும் சந்தேகம் கிடையாது. இதைப் படித்தால் அக்கா தெளிந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். மறுநாள் காலை, நான் பசியாறுவதற்குள் மறுபடியும் போன்.

“அவ்ளோ காது கேக்குதா அதுக்கு?” என்றாள். ஆமாம் என்றேன். பிறகு, “இருட்டுல எலி நவுர்றதே அதுக்குக் கேக்குதுன்னா, உங்க மாமா நெஞ்சு அடிக்கிறது கேக்காதா? எப்ப நிக்கும்னு கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கு பாப்பா,” என்றாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. அப்படியெல்லாம் இல்லை அக்கா என்றேன். எப்படி இல்லை என்று கேட்டாள். மலாய்க்காரர்களே அதற்குப் பேய்ப் பறவை என்று பொருள்படத்தானே பெயர் வைத்திருக்கிறார்கள், அத்தனை பேரும் முட்டாள்களா என்று கேட்டாள். போனை வைத்த பிறகு நான் எழுதிய வரியை நானே எடுத்துப் பார்த்தேன். வரியில் தப்பில்லை. மூன்று நூல்களில் ஒப்பிட்டுப் பார்த்து எழுதியது. சரியான வரி எப்படி இவ்வளவு கோணலாகப் போய் ஒருத்தி மனதில் உட்கார்ந்தது? அதைவிட மோசம், சருகுக்கு அடியில் எலி அசைவது கேட்கிற காதுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மனித நெஞ்சு அடிப்பது கேட்குமா கேட்காதா என்று நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆற அமர உட்கார்ந்து யோசித்தேன். கோப்பி ஆறிப்போனது.

அந்த வாரக் கடைசியில் சிரம்பானில் ரயில் ஏறிப் புலாவ் செபாங் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து வாடகைக் காரில் தோட்டத்துக்குப் போனேன். நேரில் பேசினால் இரண்டு பேரில் ஒருவரையாவது வழிக்குக் கொண்டுவரலாம் என்று எண்ணம். அக்கா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். நீ படித்தவள், நீ சொன்னால் உங்கள் மாமா கேட்பார், இன்றைக்கே பெட்டியை எடுக்கச் சொல் என்றாள். கண்ணுக்குக் கீழே கரி அப்பின மாதிரி இருந்தது. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அக்கா அழவேயில்லை. மாமாவுக்கு நோய் வந்ததிலிருந்து அவள் அழுது யாரும் பார்க்கவில்லை.

மத்தியானம் சோறு போட்டாள். கோழிக் குழம்பு, கத்தரிக்காய், அப்பளம். ஒரு வாய் வைத்தேன். உப்பே இல்லை. மாமாவுக்குத் தனியாகச் சமைக்கிறாள் என்று நினைத்து, தவறிப்போய் அவர் குழம்பை எனக்கு ஊற்றிவிட்டாயா என்று கேட்டேன். வீட்டில் இனி ஒரே குழம்புதான் என்றாள். தான் மட்டும் ருசியாகத் தின்றால் தொண்டையில் இறங்குமா என்றாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள், உங்கள் அக்கா என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குப்பையில் போடுகிறாள் என்று மாமா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர்க் குவளையை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள். சரிதான், நோயாளி உள்ள வீடு, இப்படித்தான் இருக்கும் என்று நானும் அப்பளத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா வந்து உட்கார்ந்து தனக்குத் தெரிந்த சாஸ்திரத்தைச் சொன்னார். ஆந்தை ஒரு தடவை கத்தினால் சாவு, இரண்டு தடவை கத்தினால் நினைத்த காரியம் ஜெயம், மூன்று தடவை என்றால் வீட்டில் கல்யாணம். அதற்குமேல் அவருக்கே மறந்துவிட்டது. அக்கா அதைக் கேட்டதிலிருந்து ஒவ்வொரு நாளும் பொழுது சாயும்போது காதைத் தீட்டிக்கொண்டு எண்ணப் பார்த்திருக்கிறாள். எண்ண முடியவில்லையாம். ஒன்றா இரண்டா என்று எண்ணவே விடமாட்டேன் என்கிறது பாப்பா, என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பொழுது சாய்ந்ததும் அந்தக் கத்தலை நானே என் காதால் கேட்டேன். மாமா பின்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் கம்பத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். பெட்டியின் ஓட்டையில் வெள்ளையாக ஒரு முகம் வந்தது. ஆப்பிளை நேர்பாதியாக வெட்டிவைத்த மாதிரி முகம். எங்களைப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது. நான் ‘கூ கூ’ என்று அலறும் என்று எதிர்பார்த்திருந்தேன். படங்களில் அப்படித்தானே வைக்கிறார்கள். இது புதுத்துணியை இழுத்துக் கிழிக்கிற மாதிரி ஒரே நீட்டாகக் கத்தியது. அதில் ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. உழவரின் நண்பன் என்று எழுதின கை இது. அந்தக் கையிலேயே மயிர் குத்திட்டு நின்றது.

அக்கா கோயிலுக்கு விளக்கேற்றப் போயிருந்தாள். இதுதான் சமயம் என்று நான் ஆரம்பித்தேன். பெட்டியை எடுத்துவிடுங்கள் மாமா, எலியைப் பிடிக்கத் தோட்டத்தில் வேறு பெட்டியா இல்லை, அக்கா ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்றேன். நான் இந்த மூடநம்பிக்கையை எல்லாம் நம்புகிறவள் இல்லை, ஆனால் அவள் நம்புகிறாளே என்றேன். ஒரு வாத்தியார் மாதிரி நீளமாகப் பேசினேன். மாமா குறுக்கே பேசாமல் கேட்டார். வெள்ளை முகம் பெட்டியை விட்டுச் சத்தமில்லாமல் இறங்கிக் காட்டுக்குள் போனதையும் பார்த்தார்.

“நீ அனுப்புனத பூரா படிச்சா உங்கக்கா,” என்றார். “கண்ணாடிய மாட்டிக்கிட்டு, ஒன்னு விடாம. உப்ப பத்தி எழுதிருந்தல்ல?”

எழுதியிருந்தேன். உயிரெழுத்துப் பகுதியில் உகரத்தில் அதுவும் இருந்தது. கடலிலிருந்து எடுப்பது, உணவைக் கெடாமல் காப்பது என்று நான்கு வரி. ஐந்தாவது வரி: ‘அளவுக்கு மிஞ்சிய உப்பு இரத்தக் கொதிப்பை உண்டாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.’

“அத படிச்ச அன்னிக்கே உப்பு டின்ன தூக்கி வெளிய வச்சிட்டா. கருவாட்டையெல்லாம் கொண்டுபோய் பூனைக்குப் போட்டா. இன்ன வரைக்கும் அத பத்தி என்கிட்ட ஒரு வார்த்த பேசல பாப்பா. ஆந்தைய பத்தித்தான் பேசுறா. அவ பேசுறத பத்தி எனக்குக் கவல இல்ல. பேசாம இருக்காளே, அதுதான் பயமா இருக்கு.”

மாமா கம்பத்தைப் பார்த்தபடியே பேசினார்.

“நான் போயிட்டா அவ யார திட்டுவா? டாக்டர திட்ட மாட்டா, பயம். என்னையும் திட்ட மாட்டா. அவளையேதான் திட்டிக்குவா. இத்தன வருஷமா கருவாடு பொரிச்சுப் போட்டு நானே கொன்னுட்டேன்னு உக்காந்துக்குவா. கேட்டு கேட்டு வாங்கித் தின்னது நானு. மாத்திரைய தூக்கி வீசுனது நானு. அதெல்லாம் அவளுக்கு ஞாபகம் வராது. ஆந்தை இருந்தா அத திட்டிட்டுப் போவட்டும்லா. அதுக்கு என்ன, வலிக்கவா போவுது?”

இதை அக்காவிடம் சொல்லிவிடாதே என்றார். ஆந்தையைப் பற்றிப் பேச வந்தவள் நான். இத்தனை நேரமும் எல்லாரும் ஆந்தையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்று நினைத்திருந்தேன். மத்தியானம் அந்தக் குழம்பைச் சாப்பிட்டேனே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? அடுத்தவர் பிழையை ஒரு முழம் தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிற கண் எனக்கு. என்ன கண்ணோ.

அக்கா கோயிலிலிருந்து திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தாள். பெட்டி இருக்கட்டும் அக்கா என்றேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். அது பாட்டுக்கு இருக்கட்டும், எடுத்தாலும் வேறு எங்கேயாவது உட்கார்ந்து கத்தத்தான் போகிறது என்று ஏதோ உளறினேன்.

“நீ யாரு பக்கம்?” என்றாள்.

விபூதியை மாமா நெற்றியில் பூசிவிட்டு, எனக்குப் பூசாமல் உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலை நான் கிளம்பும்போதும் வாசலுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு பல வாரங்கள் போன் பண்ணினால் எடுக்கவில்லை. எடுத்தாலும், உங்கள் மாமா தூங்குகிறார் என்று வைத்துவிடுவாள்.

ரஹாங்கில் என் மேசையில் ககர வரிசை காத்துக்கொண்டிருந்தது. கடல், கண்ணாடி, காகம், கிளி. ஒன்றும் ஓடவில்லை. காகம் என்று எழுதினால், இதைப் படித்துவிட்டு எந்த வீட்டில் யார் என்ன செய்வார்களோ என்று யோசனை போயிற்று. அக்காவுக்கு போன் பண்ணி, உப்பினால் இல்லை அக்கா என்று சொல்லிவிடலாமா என்று பலமுறை நினைத்தேன். உப்பினால் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? உப்பும்தான், சாப்பிடாத மாத்திரையும்தான், அவர் பிறவிக் குணமும்தான். எது எவ்வளவு என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது? தவிர, மாமா சொன்னதை மீறிப் பேச்சை எடுத்தால், அவள் உள்ளே பூட்டிவைத்திருப்பதை நானே திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடாதா? பேசினால் பாவமா, பேசாவிட்டால் பாவமா என்றே தெரியவில்லை. இரண்டு பக்கமும் கொள்ளிக்கட்டை.

ஒரு நாள் முதலாளியிடம் போய் உப்புக் குறிப்பில் கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். தப்பா என்று கேட்டார். தப்பில்லை என்றேன். பிறகு எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்டார். கையிலிருந்த மெய்ப்புத் தாளை மடித்து மடித்துப் பிரித்தேன். மெய்ப்புப் பார்க்கிற அம்மாவுக்கு என்ன ஆயிற்று, உடம்பு சரியில்லையா என்று அக்கறையாக விசாரித்தார். வரி அங்கேயே நின்றது. நூல் அச்சாகிப் பள்ளிகளுக்குப் போய்விட்டது. இன்றைக்கும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

மாமா ஒரு புதன்கிழமை மத்தியானம் இறந்துபோனார். தம்பினில் மெஷினிலிருந்து வந்தவர், களைப்பாக இருக்கிறது என்று பின்பக்க நாற்காலியில் சாய்ந்தாராம். அக்கா கஞ்சி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. பட்டப்பகல். நல்ல வெயில். ஆந்தைகள் இரண்டும் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த நேரம். முந்தின நாள் சாயங்காலம் அவை கத்தவே இல்லை என்று பக்கத்து வீட்டு அம்மா என்னிடம் தனியாகச் சொன்னார். கத்தினால்தானே சாவு, கத்தாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று அவர் என்னையே கேட்டார். எனக்கு யாரைக் கேட்பதென்று தெரியவில்லை.

அக்கா அப்போதும் அழவில்லை. ஒப்பாரி வைத்தவர்கள் எல்லாரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் மரக்கட்டை மாதிரி நின்றாள். ஜொகூரில் வேலை பார்க்கிற அவள் மகன் வந்து கொள்ளி வைத்தான். வந்தவர்கள் சாப்பிட்டார்களா என்று அவள் விசாரித்துக்கொண்டே இருந்தாள். அவளை அழ வை, இல்லாவிட்டால் உள்ளுக்குள் ஏதாவது ஆகிவிடும் என்று பெரியவர்கள் என்னைப் பிடுங்கினார்கள். நான் எப்படி அழவைப்பது? என்னோடுதான் அவள் பேசுவதே இல்லையே.

எட்டாம் நாள் படையல் வந்தது. இறந்தவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து, இலை போட்டு, அவர் படத்துக்கு முன்னால் வைப்பது எங்கள் வழக்கம். மாமாவுக்கு எது பிடிக்கும் என்று தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். அக்கா கருவாடு பொரித்து, அதை மிளகாயோடு சேர்த்துத் தொக்காகச் செய்வாள். அதற்காக அந்த மனிதர் மூன்று தட்டுச் சோறு தின்பார். பக்கத்து வீட்டு அம்மா காலையிலேயே தம்பின் சந்தையில் கருவாடு வாங்கி வந்து கொடுத்துவிட்டார். உப்பு டின்னையும் அவரே தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து அடுப்புப் பக்கத்தில் வைத்தார். தெரியாமல்தான் வைத்தார்.

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சட்டியில் மிளகாயும் தக்காளியும் கொதிக்க ஆரம்பித்து வெகுநேரம் ஆகியும் அக்கா அசையவில்லையே என்று நிமிர்ந்து பார்த்தேன். டின்னுக்குள் கையை விட்டு ஒரு பிடி உப்பை அள்ளியிருந்தாள். கை சட்டிக்கு மேலே நின்றது. விரல் திறக்கவில்லை. இடுக்குகளில் உப்பு கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து அடுப்பில் விழுந்து வெடித்தது. முன்கூடத்தில் எல்லாரும் இலைக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

“பாப்பா,” என்றாள். அத்தனை வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் என்னைக் கூப்பிட்டாள். “நீ எழுதிருந்தியே. நெசமா?”

எதைப் பற்றிக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை.

“இந்தக் கையா பாப்பா? இல்ல, அந்தப் பறவையா? நீ படிச்சவ. நீ சொன்னா நான் கேட்டுக்கிறேன். எதா இருந்தாலும் கேட்டுக்கிறேன்.”

அவள் என் கண்ணையே பார்த்தாள். வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பார்த்துப் பதில் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்தது எல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்து முட்டியது. எது உண்மை, எதில் எவ்வளவு உண்மை, எதைச் சொன்னால் இவள் பிழைப்பாள் என்று ஒன்றும் பிடிபடவில்லை. வெங்காயக் கையோடு எழுந்து நின்றேன்.

“பறவைதாங்க்கா,” என்றேன்.

“நெசமாவா?”

“நெசமாதாங்க்கா. அந்தப் பறவைதான்.”

அக்கா அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உப்புப் பிடித்த கையோடு பின்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். கம்பத்துக்கு அடியில் நின்று பெட்டியை அண்ணாந்து பார்த்து ஆரம்பித்தாள். பாவி, சண்டாளி, உனக்கு என்னடி பண்ணினேன், உன் குஞ்சு தாயில்லாமல் போக, உன் பெட்டியில் இடி விழ என்று வாய்க்கு வந்த வசவையெல்லாம் வீசினாள். அந்த லயமே வெளியே வந்துவிட்டது. வங்காளதேசத்துப் பையன்கள் கைலியைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் நின்றார்கள். திட்டிக்கொண்டே வந்த குரல் ஓர் இடத்தில் உடைந்தது. கம்பத்தைக் கட்டிக்கொண்டு, மாமாவைக் கூப்பிட்டு, என் அக்கா அழுதாள். பிடிக்கப் போனவர்களை நான்தான் தடுத்தேன்.

ரொம்ப நேரம் கழித்து உள்ளே வந்தாள். முகத்தைக் கழுவவில்லை. யாரையும் பார்க்கவில்லை. டின்னில் கையை விட்டு உப்பை அள்ளிச் சட்டியில் போட்டு, கரண்டியை எடுத்துக் கிளறினாள்.